பழைய ஃபிலிம் இருக்கா? – நெஞ்சுப் படத்தில் தெரியும் ஒரு வட்டத்தின் கதை



சென்ற முறை நாம் கூடியபோது நம்முடைய பழைய குரூப் போட்டோவைப் பெரிதாக்கி ஹால் வாசலில் மாட்டியிருந்தார்கள், நினைவிருக்கிறதா? எதிரே நின்று சிரிக்கும் வழுக்கைத் தலையர் யாரென்று தெரியாமல் விழித்த நான், அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் "அடேடே, நம்ம கடைசி பெஞ்ச் ஆசாமி!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். பழைய முகத்தையும் புதிய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆள் யாரென்று பிடிபடுகிறது.

மலர்க் குழுவினர் "உங்க துறையைப் பத்தி எழுதுங்க சார், ஆனா கிளாஸ் எடுத்துடாதீங்க" என்று கேட்டுக்கொண்டபோது எனக்கு அந்த போட்டோதான் ஞாபகம் வந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக ரேடியாலஜி இருட்டறையில் உட்கார்ந்து நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி இதுதானே! நுரையீரலில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். அது சாதுவா, சண்டியரா? காசமா, கான்சரா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி மருத்துவ உலகம் எத்தனை இயந்திரங்களைக் கட்டியது, கடைசியில் எங்கே வந்து நின்றது என்பதே இந்தக் கட்டுரை.

வட்டம் எப்போது வம்பானது?

முதலில் மாணவத் தம்பிகளுக்காக ஒரு வரி விளக்கம். சுற்றிலும் காற்றுள்ள நுரையீரல் திசு இருக்க, நடுவே 3 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான உருண்டை நிழல் தெரிந்தால் அதை நாட்யூல் என்கிறோம். ஆறிப்போன காசநோய்த் தழும்பு, பூஞ்சைக் கிருமி விட்டுச்சென்ற முடிச்சு, ஹமார்ட்டோமா என்ற தீங்கற்ற கட்டி, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சிறு நிணநீர்க் கணு, வேறு உறுப்பிலிருந்து வந்த புற்று, நுரையீரலிலேயே முளைத்த புற்று என்று எது வேண்டுமானாலும் அப்படித் தெரியலாம். எக்ஸ்ரே படத்தில் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை வட்டம்தான்.

1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற டாக்டர் ஒளிரும் திரைக்கு முன் நோயாளிகளை நிறுத்தி நெஞ்சைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 1901-ல் பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் அன்றைய டாக்டர்கள் நெஞ்சில் தேடியது பெரும்பாலும் காசநோயை. நுரையீரல் புற்று அன்று அரிது. கண்டுபிடித்தாலும் செய்வதற்கு ஒன்றும் கிடையாது.

அந்த நிலை மாறியது 1933 ஏப்ரல் 5-ஆம் தேதி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை நிபுணர் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே தடவையில் அகற்றினார். நோயாளியும் ஒரு டாக்டர்தான். பிழைத்து, ஏறக்குறைய முப்பது வருஷம் வாழ்ந்தார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-ல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து எழுதிய அதே கிரஹாம், தாமும் புகைத்தவர், 1957-ல் நுரையீரல் புற்றால் இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்.

அறுவையால் குணமாக்க முடியும் என்றான பிறகு, சின்ன வட்டத்தைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வந்தது. 1936-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் மனுவேல் டி அப்ரேயு, ஒளிரும் திரையில் தெரியும் நெஞ்சுப் படத்தைச் சின்ன கேமரா ஃபிலிமில் மலிவாகப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். காசநோயைக் கண்டுபிடிக்க ஊர் ஊராகப் படம் எடுத்தார்கள். இருமல்கூட இல்லாத மனிதர்களின் நெஞ்சில் எல்லாம் வட்டங்கள் தெரிய ஆரம்பித்தன. நாணயம் போல இருந்ததால் 'காயின் லீஷன்' என்று பெயர் வைத்தார்கள். என்னவென்று தெரியாது, ஆகவே நெஞ்சைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றார்கள் அறுவை நிபுணர்கள். திறந்தார்கள். ஏராளமான பேருக்கு உள்ளே இருந்தது ஆறிப்போன பழைய புண்தான்!

இரண்டு சாட்சிகள்

அநாவசியமாக நெஞ்சைத் திறக்காமல் இருக்க வழி உண்டா? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன் குட் என்பவரும் அவரது சகாக்களும் 1950-களில் நூற்றுக்கணக்கான படங்களை அலசினார்கள். இரண்டு சாட்சிகள் அகப்பட்டன.

முதல் சாட்சி சுண்ணாம்பு. வட்டத்தின் நடு மையத்தில் கால்சியம் படிந்திருந்தால், அல்லது வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக இருந்தால், அல்லது முழுக்கக் கெட்டியாகிவிட்டிருந்தால், அது ஆறிய புண். சோளப்பொரி மாதிரி பொரிந்திருந்தால் ஹமார்ட்டோமா. ஆனால் ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவல் என்றால் ஜாமீன் கிடையாது. வளரும் புற்று ஒரு பழைய காசத் தழும்பையே விழுங்கியிருக்கலாம்.

இரண்டாம் சாட்சி காலம். இரண்டு வருஷமாக அளவு மாறவில்லை என்றால் அது தீங்கற்றது என்று வைத்துக்கொள்ளலாம். இதுவே புகழ்பெற்ற 'இரண்டு வருஷ விதி'.

1956-ல் காலின்ஸ் என்பவரும் சகாக்களும் இதைக் கணக்காக்கினார்கள். கட்டியின் கன அளவு இரண்டு மடங்காக எத்தனை நாள் ஆகிறது? அதற்கு இரட்டிப்புக் காலம் என்று பெயர். திடமான நுரையீரல் புற்றுகளில் பெரும்பாலானவை சுமார் ஒரு மாதத்துக்கும் 400 நாட்களுக்கும் இடையில் இரட்டிக்கின்றன. சில நாட்களிலேயே இரட்டித்தால் அநேகமாகக் கிருமித் தொற்று. வருஷக் கணக்கில் அசையாமல் கிடந்தால் அநேகமாக சாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தம்பிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உருண்டையின் கன அளவு இரண்டு மடங்காக, அதன் விட்டம் 26 சதவீதம் கூடினால் போதும். 1 சென்டிமீட்டர் கட்டி 1.26 சென்டிமீட்டர் ஆகும்போது உள்ளே சரக்கு இரட்டிப்பாகிவிட்டது! மங்கலான எக்ஸ்ரேயில் இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? 1997-ல் யாங்கெலவிட்ஸ், ஹென்ஷ்கி என்ற இருவர் அந்தப் பழைய மேயோ ஆய்வுகளைத் தூசி தட்டி எடுத்து, நாமெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய இரண்டு வருஷ விதிக்கு நாம் நினைத்த அளவு பலமான அஸ்திவாரம் இல்லை என்று எழுதினார்கள். விதி பொய்யல்ல, ஆனால் எதை வைத்து அளக்கிறோம் என்பது முக்கியம்.

நான் கேட்காத கேள்வி

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ரேடியாலஜி முடித்துப் புதிதாக வேலையில் சேர்ந்த ஊரில் சி.டி. கிடையாது. ஒரு நெசவாளி வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, பீடிப் பழக்கம். வலது மேல் மடலில் 2 சென்டிமீட்டர் வட்டம். சுண்ணாம்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. 'புற்றுநோயாக இருக்கக்கூடும், அறுவை ஆலோசனை தேவை' என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டேன். பாடப்புத்தகப்படி அதில் தப்பில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சைத் திறந்து அந்த மடலை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு: ஆறிய காசநோய் முடிச்சு.

சில வாரம் கழித்து அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். கையில் பழுப்பேறிய எக்ஸ்ரே கவர். "பொட்டியைத் துழாவுனப்ப கெடச்சுதுங்க சாமி. முன்ன ஒருக்கா இருமலுக்கு எடுத்தது. உங்களுக்கு உபயோகப்படுமான்னு..." வியூ பாக்ஸில் போட்டேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஃபிலிம். அதே இடம், அதே வட்டம், அதே அளவு.

"இது இருக்குன்னு அன்னிக்கே ஏம்மா சொல்லலை?" என்றேன். அந்த அம்மா கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க கேக்கலியே சாமி. கேட்டிருந்தா அன்னிக்கே கொண்டாந்திருப்பேனே."

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மூச்சு வாங்கியது. தறியில் உட்கார முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். 'பழைய ஃபிலிம் இருக்கா?' என்று நான் கேட்காமல் விட்டதன் விலை அது. பணி ஓய்வு பெறும் நாள் வரை என் மேஜைக்கு வந்த ஒவ்வொரு நெஞ்சுப் படத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதினேன்.

இயந்திரங்கள் வந்தன

பழைய படம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? ஒரே படத்தில் தீர்ப்புச் சொல்லும் இயந்திரம் கிடைக்காதா என்று உலகம் தேடியது.

1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். ஆமாம், கிராமஃபோன் ரிக்கார்டு போட்ட அதே இ.எம்.ஐ.தான்! 1979-ல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சி.டி.யின் பெருமை, அது நிழலை எண்ணாக மாற்றியது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு ஏறத்தாழ மைனஸ் 100.

எண் கிடைத்ததும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டான்லி சீகல்மன் 1980-ல் ஒரு கோடு போட்டார். நாட்யூலின் அடர்த்தி 164-க்கு மேலே போனால், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு உள்ளே இருக்கிறது, ஆகவே சாது என்றார். எல்லோரும் துள்ளிக் குதித்தோம். ஆனால் மற்ற ஊர் ஸ்கேனர்களில் அதே எண் வரவில்லை! இயந்திரத்துக்கு இயந்திரம் தராசு வேறுபட்டது. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலியாஸ் ஜெர்ஹூனி, நெஞ்சு போலவே ஒரு மாதிரி உருவம் செய்து, அதற்குள் தெரிந்த அடர்த்தியுள்ள உருண்டையை வைத்து, எடைக்கல் போல ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு மெல்லிய துண்டுகளாகப் படம் எடுக்கும் ஸ்கேனர்கள் வந்தன. சுண்ணாம்பும் கொழுப்பும் நேரடியாகவே தெரிந்தன. ஓரம் வழவழப்பான நாட்யூலுக்குள் கொழுப்பு தெரிந்தால் ஹமார்ட்டோமா என்று தைரியமாகச் சொல்லலாம். ஓரத்தில் சூரியக் கதிர் போல முள் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்து மேயோவில் ஸ்டீபன் ஸ்வென்சன், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு நாட்யூல் எவ்வளவு ரத்தம் குடிக்கிறது என்று அளந்தார். 356 நாட்யூல்களை ஆராய்ந்த பல மைய ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. ஊசிக்குப் பிறகு அடர்த்தி 15 அலகுக்கு மேல் ஏறாவிட்டால் அநேகமாகப் புற்று அல்ல. புற்றுகளில் 98 சதவீதத்தை இந்தச் சோதனை பிடித்துவிடுகிறது. ஆனால் ஏறினால்? தீங்கற்றவற்றில் 58 சதவீதத்தைத்தான் அது சரியாக விடுவித்தது. கனன்றுகொண்டிருக்கும் காசநோய்ப் புண்ணும் ரத்தம் குடிக்கத்தானே செய்யும்!

பிறகு வந்தது பெட் ஸ்கேன். புற்றணுக்கள் சர்க்கரையை அள்ளிச் சாப்பிடும் என்பதை 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் காட்டியிருந்தார். கதிர்வீசும் ஃப்ளூரின் ஒட்டிய குளுக்கோஸ் 1976-ல் முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. தொண்ணூறுகளில் நுரையீரல் நாட்யூலுக்கு அது பெரிய நம்பிக்கை ஆனது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-ல் வந்த கணக்குப்படி, புற்றைப் பிடிக்கும் திறன் 97 சதவீதத்தை நெருங்கியது.

நம்ம ஊர்ப் பிரச்சினை

இங்கேதான் நம் நாட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். நாம் காசநோயோடு குடித்தனம் நடத்துகிற மக்கள். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து சானடோரியம் தொடங்கியது 1928-ல். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பது போலவே குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. அப்படிக் குணமானவர்கள், தனக்கு வந்ததே தெரியாமல் தானாக ஆறியவர்கள் என்று எத்தனையோ பேர் நெஞ்சில் தழும்போடு நடமாடுகிறார்கள்.

கனலும் காசநோய் முடிச்சும் சர்க்கரையை அள்ளிச் சாப்பிடும். 2014-ல் வந்த ஒரு தொகுப்பாய்வைப் பாருங்கள். இத்தகைய தொற்று அதிகமில்லாத பகுதிகளில், புற்றல்லாத 100 நாட்யூல்களில் 77-ஐ பெட் ஸ்கேன் சரியாக விடுவித்தது. தொற்று நிறைந்த பகுதிகளில் 61-ஐத்தான். அதே இயந்திரம், அதே மருந்து. ஊர் மாறினால் சாட்சியின் மதிப்பு மாறுகிறது! 'பெட்ல எரியுது, கான்சர்தான்' என்று வராந்தாவில் நின்று குடும்பத்தாரிடம் சொல்லும் முன் தம்பிகள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை. புகை வாசனையே அறியாதவர். மேல் மடலில் நிழல். சளியில் கிருமி இல்லை. 'நம்ம ஊர்ல டி.பி.தானே' என்று மாத்திரை ஆரம்பித்து, மறுபடம் எடுக்காமலே மாதங்களை ஓட்டிவிட்டார்கள். மீண்டும் படம் எடுத்தபோது அது புற்று என்று தெரிந்தது. அறுவைக் கட்டம் தாண்டியிருந்தது. நெசவாளிக்கு நடந்தது அவசரத்தின் தப்பு, இது அசட்டையின் தப்பு. பொறுத்துப் பார்ப்பது வேறு, பார்க்காமல் பொறுத்திருப்பது வேறு.

வெள்ளமும் அணையும்

1999-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி. கிளாடியா ஹென்ஷ்கி குழுவினர், புகைப்பழக்கம் இருந்த, அறிகுறி ஏதுமில்லாத 1000 பேருக்கு எக்ஸ்ரேயும் குறைந்த கதிர்வீச்சு சி.டி.யும் எடுத்தார்கள். சுண்ணாம்பு இல்லாத நாட்யூல் எக்ஸ்ரேயில் 68 பேருக்கு, சி.டி.யில் 233 பேருக்கு! அந்த 233 பேரில் புற்று 27 பேருக்குத்தான். நாட்யூல் வெள்ளம் அணையை உடைத்தது.

53,454 பேரைச் சேர்த்து அமெரிக்கா நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. சி.டி. பரிசோதனை, நுரையீரல் புற்று மரணத்தை 20 சதவீதம் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் சி.டி.யில் 'சந்தேகம்' என்று வந்த முடிவுகளில் 96.4 சதவீதம் புற்றே அல்ல. அத்தனை பேர் நெஞ்சையும் திறக்க முடியுமா?

நெதர்லாந்தும் பெல்ஜியமும் நடத்திய நெல்சன் ஆய்வு வேறு வழியில் போனது. விட்டத்தை ஸ்கேலால் அளக்காமல் கம்ப்யூட்டரால் கன அளவை அளந்தார்கள். 50 கன மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 50 முதல் 500 வரை என்றால் உடனே கத்தியை எடுக்காமல் மூன்று மாதம் பொறுத்து மறுபடம். இரட்டிப்புக் காலம் 400 நாளுக்குக் குறைந்தால் மட்டும் மேற்கொண்டு சோதனை. 2020-ல் வெளியான முடிவு: பத்து வருஷத்தில் ஆண்களிடையே நுரையீரல் புற்று மரணம் 24 சதவீதம் குறைவு, வீண் சந்தேகமும் வெகு குறைவு. கவனித்தீர்களா? 1956-ன் இரட்டிப்புக் காலம்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஃபீலிக்ஸ் ஃப்ளைஷ்னர் என்ற ரேடியாலஜி மேதையின் பெயரால் 1969-ல் அமைந்த சங்கம், தற்செயலாகத் தெரியும் நாட்யூல்களுக்கு 2005-லும் 2017-லும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அபாயம் குறைந்தவரிடம் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திடமான நாட்யூல் தெரிந்தால் தொடர்ந்து படம் எடுக்கவே தேவையில்லை. மூடுபனி போல மங்கலாகத் தெரியும் வகை மெதுவாக வளரும். 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 5 வருஷம் வரை கண் வைக்க வேண்டும். இரண்டு வருஷ விதி அங்கே செல்லாது. ஆனால் இவை புற்றுநோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கோ, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கோ, 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கோ பொருந்தாது. காசநோய் மிகுந்த நம் ஊரில் கூடுதல் நிதானமும் வேண்டும்.

கடைசியாகக் கம்ப்யூட்டர் மூளை. 2019-ல் கூகுள் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஒரு சி.டி.யை மட்டும் கொடுத்தபோது அவர்களின் இயந்திரம் ஆறு ரேடியாலஜிஸ்டுகளையும் தோற்கடித்தது. ஆனால் முந்தைய சி.டி.யையும் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களும் இயந்திரமும் சமம்! இதைப் படித்த அன்று நான் அந்த நெசவாளியின் மனைவியை நினைத்துக்கொண்டேன். அவர் கையிலிருந்த பழுப்புக் கவருக்கு அவ்வளவு பலம்.

முடிவாக

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி ஸ்டோரில் சேர்ந்துபோன பழைய ஃபிலிம்களை வெள்ளி பிரித்தெடுக்க எடை போட்டு விற்றார்கள். இன்று குறுந்தகடு தருகிறார்கள். வீட்டுக்குப் போனதும் அது தொலைகிறது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இரண்டரை மில்லிமீட்டரை எப்படி அளப்பது?

ஆகவே தம்பி தங்கைகளே, ஸ்கேன் கேட்டு எழுதும் முன், நோயாளியின் கண்ணைப் பார்த்து "ஐயா, அம்மா, முன்னாடி எப்பவாவது நெஞ்சுப் படம் எடுத்திருக்கீங்களா? வீட்ல இருக்கா?" என்று கேளுங்கள். வேலைக்குச் சேர எடுத்தது, வெளிநாடு போக எடுத்தது, வேறு அறுவைக்கு முன் எடுத்தது, எதுவானாலும் சரி. கிடைத்தால் ஒரு நெஞ்சு திறக்கப்படாமல் தப்பலாம். ஒரு புற்று நேரத்தோடு பிடிபடலாம்.

என் வயது நண்பர்களே, உங்கள் பெட்டியையும் துழாவுங்கள். நம்மில் பலருக்கு நெஞ்சில் ஏதாவது ஒரு வட்டம் இருக்கத்தான் செய்யும். பழைய படத்தை நம் குரூப் போட்டோவோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த சந்திப்பில் இரண்டையும் பார்த்துக்கொள்வோம்.

– 1974-ஆம் ஆண்டு சேர்ந்த பேட்சின் ஓய்வுபெற்ற ரேடியாலஜிஸ்ட் ஒருவர்